இடப்பக்கப் பலகை

“மேசை மூடி இடப்பக்கமாத் திறக்கணுமாம்.”

“யாருக்காம்?”

“அவங்க சொல்றாங்க.”

“நான் பின்பக்கமாத்தானே வரைஞ்சிருக்கேன். ரெண்டா மடிஞ்சு பின்னாடி தட்டி மாதிரி நிக்கும். அதுல நூல்கண்டு மாட்டிக்கலாம், கத்தரி வைக்க ஒரு பை. பிடிச்சிருக்குன்னு நேத்துதானே சொன்னே.”

“பிடிச்சுதான் இருக்கு, கொக்கு. ஆனா துணி கனத்தை யார் தாங்குறது? இடப்பக்கம் ஒரு பலகை விரிஞ்சா துணி அதுமேல படுத்துக்கும். அவங்க சொல்றது நியாயம்தானே.”

அக்கா பல்லால் நூலைக் கடித்துத் துப்பினாள். கொக்கு நான்தான், என் நீளக் கால்களுக்கு அக்கா வைத்த பேர். நான் வரைபடத்தைச் சுருட்டினேன்.

இந்தப் பேச்சு அப்படியே நடந்தது. ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கவில்லை. எந்நேரமும் கதைப்புத்தகமும் கையுமாக இருப்பவள், இட்டுக்கட்டுகிறாள் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம். நான் படிப்பதெல்லாம் கடல் தாண்டி மொழிபெயர்ந்து வந்த நாவல்கள். அவற்றில் பேய் வருவது பனி பெய்யும் இரவில், மாளிகையில், மெழுகுவர்த்தி அணையும்போது. எங்கள் வீட்டுக்கு வந்தது மத்தியானம் 2:40க்கு. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. வந்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை. இன்னும் போகவில்லை.

வாடகை வீட்டில் அக்காவும் நானும் மட்டும்தான். அக்கா முன்னறையில் திரைச்சீலை தைக்கிறாள். நான் ஒரு மரச்சாமான் பட்டறையில் வரைபடம் போடுகிறேன். மாலை ஏழு மணிக்கு வீடு திரும்பியதும் அக்காவின் இடப்பக்கம் தரையில் உட்காருவேன். அன்று தைத்ததில் நூல் பிசிறு வெட்டுவேன். அவள் பேசுவாள், நான் கேட்பேன். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அது என் இடம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு வந்த இரண்டு வரன்களையும் தட்டிவிட்டது நான்தான். ஒருவருக்குச் சிரிக்கும்போது தோள் குலுங்கியது. இன்னொருவரிடம் குறையே இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இருந்த மெஷின் பழுதாகிவிட, போன மாதம் அக்கா ஒரு பழைய தையல் மெஷின் வாங்கினாள். ரிப்பேர் கடைக்காரர் தலையை மட்டும்தான் கொடுத்தார். கறுப்பு, இரும்புக் கனம், மோட்டார் மட்டும் புதிது. மேசை இல்லை. “மேசை நான் போட்டுத் தரேன்” என்றேன். வேலை முடிந்ததும் மெஷின் உள்ளே இறங்கிவிடும். மடித்த மூடி மேலே வந்து மூடிக்கொள்ளும். அப்புறம் அதன் மேல் புத்தகம் வைக்கலாம், டீ வைக்கலாம், அக்காவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து பேசலாம். நான் வரைந்தது மேசையை அல்ல, எங்கள் சாயங்காலங்களை.

மெஷினை ஒரு பழைய பெஞ்சில் வைத்து அக்கா தைக்கத் தொடங்கிய நான்காம் நாள் ‘அவங்க’ வந்தாள்.

பின் தெருவாம். மெஷின் சத்தம் கேட்டு வந்தாளாம். தையல் நன்றாகத் தெரியுமாம். தினம் 2:40க்கு வந்து 4:10க்குப் போய்விடுவாள். நான் ஒருநாளும் பார்த்ததில்லை. சிங்க்கில் இரண்டு டீ கிளாஸ் இருக்கும். ஒன்று காலி. இன்னொன்று நிறைய, மேலே ஆடை படிந்து.

“டீயைத் தொடவே இல்லையே.”

“பேச்சு சுவாரசியத்துல மறந்துடுவாங்க.”

என்ன பேச்சு என்று கேட்டால் அக்கா சிரிப்பாள். “சொன்னா உனக்குப் புரியாதுடி.” எனக்குப் புரியாத ஒன்று அக்காவிடம் இருந்தது அதுவே முதல் தடவை. வயிறு எரிந்தது.

மாலை ஏழு மணிக்கு இப்போது பிசிறு வெட்ட எதுவும் இருக்காது. “அவங்களே வெட்டிட்டாங்க” என்பாள் அக்கா. அதற்குப் பதிலாக எனக்கு ஒரு திருத்தம் காத்திருக்கும். விரியும் பலகைக்குக் கீழே ஒரு முட்டுக்கால் வேண்டுமாம். பெரியவர்கள் கையூன்றினாலும் ஆடக்கூடாதாம். அடுத்த நாள், அங்கே நான் வரைந்திருந்த மூன்று இழுப்பறையும் வேண்டாமாம். இடம் காலியாக இருக்கட்டுமாம்.

“ஆள் எப்படி இருப்பாங்க?” ஒருநாள் கேட்டேன்.

அக்கா யோசித்தாள். நிறைய நேரம் யோசித்தாள்.

“இடப்பக்கம்தான் உட்காருவாங்க. நான் ஊசியைத்தானேடி பார்த்துட்டிருப்பேன்.”

“வரும்போது?”

“மெஷின் ஓடிட்டிருக்கும்போது வருவாங்க.”

“போகும்போது?”

“அதே மாதிரிதான்.”

விரலுக்குள் ஊசி இறங்கிவிடும் என்ற பயத்தில், தைக்கும்போது அக்கா தலையைத் திருப்பவே மாட்டாள். எனக்கும் அது தெரியும். ஆனால் இருபது நாளில் ஒரு தடவைகூடவா...

அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் கவனமெல்லாம் இழுப்பறை போன அந்தக் காலி இடத்தில் இருந்தது. பட்டறையில் அண்ணன், எங்கள் தலைமைத் தச்சர், வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். “ஒரு மெஷினுக்கு ரெண்டு பேர் உட்கார்றதா? தையல் மேசையா கேட்டாங்க, சாப்பாட்டு மேசையா கேட்டாங்க?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது கால் வைக்கும் இடம். அக்காவின் இடப்பக்கத்தில், இரண்டாவது ஆளுக்கு.

எனக்கு.

இனி நான் தரையில் உட்கார வேண்டாம். அதை நேராகச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் யாரோ ஒரு அம்மாவின் தலையில் போட்டுச் சொல்கிறாள் அக்கா. அன்று பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது. உட்காரத் தோன்றவில்லை.

“பலகையோட அடிவிளிம்பு எவ்வளவு உயரம் வைக்கட்டும்?” வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

“தரையிலிருந்து ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர் போதுமாம்.”

“எனக்கு இடிக்குமே அக்கா.”

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். நிஜமாகவே புரியாமல் பார்த்தாள்.

“உனக்குன்னு யாருடி சொன்னா?”

அன்றிரவு நான் சாப்பிடவில்லை. அக்கா அதைக் கவனிக்கவும் இல்லை.

மறுநாள் பட்டறையில் ஒரு காரியம் செய்தேன். வரைபடத்தில் 52 என்பதை அழித்து 50 என்று எழுதினேன். இரண்டே சென்டிமீட்டர். வந்து உட்காரட்டும், முட்டி இடிக்கட்டும், எழுந்து போகட்டும். அண்ணனிடம் சொல்லவில்லை. அக்காவிடம் சொல்லவில்லை. அழித்த துகளைக்கூட ஊதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மேசை வந்தது. அழகான மேசை. அக்கா மூடியைத் திறந்து திறந்து மூடினாள். கீல் சத்தமே இல்லை. “என் தங்கச்சி போட்டது” என்று தூக்கி வந்த ஆட்களிடம் சொன்னாள். அந்த ஒரு நாள் எனக்குப் போதும் போல இருந்தது.

திங்கள் மாலை 7:05. செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

“கொக்கு... அவங்களுக்கு முட்டி இடிக்குதாம்.”

நான் குனிந்தே இருந்தேன்.

“ரெண்டு சென்டிமீட்டர் குறைஞ்சிருக்காம்.”

“மரம்... அப்படித்தான். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.”

“நீ வேணும்னே அழிச்சு எழுதினேன்னு சொல்றாங்க.”

கையில் ஒரு செருப்பு. காலில் ஒரு செருப்பு.

“கோவமில்லையாம்” என்றாள் அக்கா. “அவங்களும் உன்னை மாதிரிதான் இருந்தாங்களாம்.”

இடப்பக்கப் பலகையின் அடிவிளிம்பைப் பிறகு தடவிப் பார்த்தேன். ஒரு நாள்தான் ஆகியிருந்தது. இரண்டு இடங்களில், ஒரு சாண் இடைவெளியில், மரம் வழவழவென்று தேய்ந்திருந்தது. பல வருஷம் முழங்கால் உரசியது போல.

இன்று அரை நாள் லீவு போட்டேன்.

எங்கள் தெரு முனையில் இறங்கியபோது மணி 2:52. தெருவில் யாரும் இல்லை. நாய்கூட இல்லை. தூரத்திலிருந்தே மெஷின் சத்தம் கேட்டது. டகடகடகடக...

வாசலில் அக்காவின் செருப்பு மட்டும்.

நான் நின்றேன். சத்தத்தில் ஏதோ சரியில்லை. என்னவென்று தெரியச் சற்று நேரம் ஆனது.

திரைச்சீலை நீளமான துணி. தனியாகத் தைப்பவர்கள் அரை மீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தித்தான் ஆக வேண்டும். நிறுத்தி, தைத்த துணியை இழுத்து ஒதுக்கிவிட்டு, மறுபடி மிதிப்பார்கள். சின்ன வயதிலிருந்து எனக்குப் பழகிய தாளம் அது. ஓட்டம், நிறுத்தம், ஓட்டம், நிறுத்தம்.

இப்போது நிறுத்தமே இல்லை.

கைபேசியில் பார்த்தேன். 2:54. 2:55. 2:56... ஒரே ஓட்டம். யாரோ துணியை வாங்கிக்கொண்டே இருந்தால்தான் அப்படி ஓடும்.

நடுவில் அக்கா சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதே இல்லை. பயத்திலும் எனக்கு அதுதான் முதலில் வலித்தது.

பக்கவாட்டு ஜன்னலுக்குப் போனேன். கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது.

அக்கா தெரிந்தாள். முகம் ஊசியைப் பார்த்துக் குனிந்திருந்தது. இரண்டு கைகளும் ஊசிக்கு முன்னால், துணியின் மேல்.

இடப்பக்கப் பலகை விரிந்திருந்தது. பக்கத்தில் ஸ்டூல். ஸ்டூலில் யாரும் இல்லை.

யாரும் இல்லை.

தைத்து வந்த துணி தரையில் விழவில்லை. பலகையின் மேல் ஏறியது. மடிந்தது. ஒரு மடிப்பு... அதன் மேல் இன்னொரு மடிப்பு. ஓரத்தோடு ஓரம் சேர்ந்து. நடுவில் சுருக்கம் இருந்தால் அது நீவப்பட்டது. மெதுவாக. ஒரு உள்ளங்கை அகலத்துக்கு.

அக்காவின் கைகளைப் பார்த்தேன். இரண்டும் ஊசிக்கு முன்னால்தான் இருந்தன.

இன்னொரு மடிப்பு.

பிறகு துணி நின்றது.

மெஷின் நின்றது.

மணி 3:02.

அக்கா தலையைத் திருப்பவில்லை. ஊசியைப் பார்த்தபடியே இடப்பக்கமாகக் காதைச் சாய்த்தாள்.

“யாரு... ஜன்னல்லயா?”

எதையோ கேட்டுக்கொண்டு தலையாட்டினாள்.

“நம்ம கொக்குதான். உள்ளே வரச் சொல்லட்டுமா?”

ஓடினேன். எங்கே போவதென்று யோசிக்கவில்லை. கால்கள் போன இடம் மெஷின் ரிப்பேர் கடை. 3:21. கடைக்காரர் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு ஊதிக்கொண்டிருந்தார்.

“அந்தக் கறுப்பு மெஷின்... யார் வீட்டுது?”

“ஏன், ஓடலையா?”

“நல்லா ஓடுது.”

“ஓடினாலும் குறை சொல்ல வந்துடுறீங்க.” என் முகத்தைப் பார்த்தார். ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். நான் உட்காரவில்லை.

“அதோட பழைய மேசை எங்கே அண்ணே?”

“அதை உடைச்சுத்தான் தலையையே வெளியே எடுத்தேன். வாசல்ல நுழையல. அவ்வளவு அகலம். அக்கா தங்கச்சி மூணு பேர் வீடு அது. பெரியவங்கதான் தைப்பாங்க. குள்ளமா இருப்பாங்க, பேச்சு மட்டும் ஓயாது. தங்கச்சிங்களை யாரோடயும் பழக விடமாட்டாங்க. அவங்க செத்ததும் நடுத் தங்கச்சி மெஷின்ல உட்கார்ந்தாங்க. உடனே இடப்பக்கம் ஒரு மடிப்புப் பலகை போடச் சொன்னாங்க. கீழே கால் வைக்க இடம் விட்டு.”

“பெரியவங்க இருக்கும்போதா?”

“செத்தப்புறம்னு சொல்றேனே.”

அவர் மோட்டாரைக் கீழே வைத்தார்.

“அப்புறம் வலப்பக்கமும் ஒண்ணு. சின்னத் தங்கச்சிக்கு. முதல்ல அந்தப் பொண்ணு அந்த ரூம் பக்கமே போகாதாம். பலகை போட்ட பிறகு அங்கேயேதான் கிடந்துச்சாம்.”

“இப்ப எங்கே இருக்காங்க?”

“யாரும்மா இருக்காங்க? மூணே மாசத்துல ரெண்டு பேரும் போயிட்டாங்க. சாவியைக் கொடுத்த சொந்தக்காரர் வாசப்படிகூட ஏறலை. தெருவிலேயே நின்னுட்டார்.”

3:34. என் கைபேசி அடித்தது.

அக்கா.

எடுத்தேன். பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நிற்காமல்.

“எங்கேடி ஓடினே?”

அன்பான குரல். ஏழு மணிக் குரல். இருபத்தைந்து நாளாக நான் கேட்காத குரல்.

“நாங்க பேசிக்கிட்டோம்” என்றாள். “தப்பு எங்க பேர்லதான். உன்னைத் தனியா விட்டுட்டோம். வலப்பக்கமும் ஒரு பலகை போட்டுடலாம். நீயும் வந்து உட்காரு.”

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பயத்துக்கு முன்னால் எனக்கு வந்தது சந்தோஷம்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் இரண்டு கைகளும் துணியின் மேல் இருக்க வேண்டும். காகிதத்தில் பென்சில் உரசும் சத்தமும் கேட்டது.

“கேக்குதா? அவங்க எழுதிக்கிறாங்க... உன் முழங்கால் உயரம் எவ்வளவுன்னு மட்டும் சொல்லேன்டி.”