தரையில் உட்காரும் தமிழ் டீச்சர்

எனக்கும் ர, ற இரண்டுக்கும் ஜென்மப் பகை. இதைச் சொல்ல வெட்கமில்லை. நான் சொல்லாவிட்டாலும் கரும்பலகை சொல்லிவிடும். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். இங்கே வாத்தியாரே மக்கு, அதுவும் தமிழ் வாத்தியார். கணக்கு டீச்சர் பிழை விட்டால் கண்டுகொள்ள மாட்டார்கள். நான் விட்டால் ஊர் கூடிச் சிரிக்கும்.

கம்பம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைச் சுருளிக்குச் சுற்றுலா கூட்டிப்போவது பற்றிப் பலகையில் எழுதியபோது, அருவியை 'அறுவி' ஆக்கிவிட்டேன். முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"டீச்சர், அருவியத் தப்பா எழுதிருக்கீக. அதுக்குச் சின்ன ர."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தப்புச் செய்தவருக்குத்தான் கோபம் முதலில் வரும்.

"நீ சொன்னா ஆச்சா? அச்சுல காட்டு. பாடப் புத்தகம் செல்லாது, செல்போனும் செல்லாது. அந்த அலமாரியில பழைய இலக்கியமெல்லாம் இருக்குல்ல, அங்கன தேடிக் கொண்டா. காட்டிட்டா நான் தரையில உக்காந்துக்கிறேன். நீ என் நாற்காலியில உக்காந்து அந்தப் பாட்ட வாசிச்சு அர்த்தம் சொல்லு."

பல்லி மட்டுமே குடியிருந்த அலமாரி அது. அவள் அந்தப் பக்கமே போகமாட்டாள் என்று நிம்மதியாக இருந்தேன்.

மறுநாள் தலையணை கனத்தில் ஒரு புத்தகத்தோடு வந்து நின்றாள். பழம்பாட்டில் அருவிக்கா பஞ்சம்? மலை என்று ஒன்று வந்துவிட்டால் போதும், பின்னாலேயே அருவியும் கொட்டத் தொடங்கிவிடும். சேலையைச் சுருட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அவள் என் நாற்காலியில் ஏறி, கால் தரைக்கு எட்டாமல், தட்டுத் தடுமாறி வாசித்தாள். எங்கள் தோட்டத்துப் பன்னீர் திராட்சையில் ஒரு கொத்தை அபராதமாகக் கொடுத்தேன். வகுப்பு போட்ட கூச்சலில் எட்டாம் வகுப்பும் ஜன்னலுக்கு வந்துவிட்டது.

அன்றிலிருந்து அதுவே வழக்கமானது. டீச்சரைத் தரையில் உட்கார வைப்பதற்காக நாற்பது பிள்ளைகளும் இலக்கியம் படித்தார்கள். ஒரு சொல்லைத் தேடிப் போகிறவர்கள் வழியில் யானைச் சண்டையிலும் காதல் வழக்கிலும் மாட்டிக்கொண்டு, வந்த வேலையை மறந்தார்கள். தலைவி ஏன் எல்லாவற்றையும் தோழியிடமே சொல்கிறாள், தலைவனிடமே நேராகச் சொன்னால் என்ன என்று சண்டைக்கு வந்தார்கள். முன் பெஞ்சுக்காரிக்கு வேறு சந்தேகம்.

"பொருள் தேடி மலையத் தாண்டிப் போனவனப் பத்தி இத்தன பாட்டு இருக்கே டீச்சர், எங்கம்மாவும் விடியமுன்ன ஜீப்புல ஏறி மலைக்கு அந்தாண்ட ஏலக்காத் தோட்டத்துக்குத்தான போகுது? எங்கம்மாவப் பத்தி யாரு பாடுனாக?"

நீயே எழுது என்றேன். "எழுதிருவேன், ஆனா நீங்க திருத்தப்படாது" என்றாள் குறும்புக்காரி.

அந்த ஜீப்பை ஓட்டுகிறவர் அவள் அப்பாதான். பள்ளி வாசல் பலகையில் தினம் ஒரு நல்ல வாக்கியம் எழுதுவது என் வேலை. 'அயறாத உழைப்பே உயர்வு' என்று நான் அயராமல் எழுதியதை அவர் படம் பிடித்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். தரை, நாற்காலி, திராட்சை சங்கதியெல்லாம் சேர்ந்து வெளியே வந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

கணக்கும் எடுக்கும் எங்கள் தலைமையாசிரியை, பெரிய டீச்சர், என்னைக் கூப்பிட்டார்.

"இனிமே போர்டுல நீங்க கை வைக்கவேணாம். இந்தத் தரை விளையாட்டையும் நிறுத்துங்க. அலமாரியப் பூட்டியாச்சு. வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்துல கேள்வி வந்தா, வேற டீச்சருக்குத் தமிழ மாத்திருவேன்."

எனக்கு அழுகை வந்தது. தமிழ் போனால் போகட்டும், அலமாரியைப் பூட்டியதைத்தான் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை வாசல் பலகையில் பெரிய டீச்சரே தம் கையால் கூட்ட அறிவிப்பு எழுதினார். கூட்டத்தில் ஜீப்காரர் முதல் ஆளாக எழுந்தார்.

"புள்ளைக்கு எழுத்துச் சொல்லித் தர்றவுகளே இப்பிடி எழுதுனா, நாங்க எங்கன போயிச் சொல்றது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போது அவர் மகள் உள்ளே வந்தாள். கையில் அதே தலையணைப் புத்தகம். பூட்டுவதற்கு முன்னாலேயே வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள்! நேரே பெரிய டீச்சர் முன்னால் போய்ப் புத்தகத்தை விரித்தாள்.

"வாசல்ல 'பெற்ரோர்'னு எழுதிருக்கீக டீச்சர். இந்தா பாருங்க, 'பெற்ற'ன்னு இருக்கு. பெரிய ற. நீங்க கீழ உக்காரணும்."

கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டது. பெரிய டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எத்தனையோ இன்ஸ்பெக்ஷன் பார்த்தவர், சட்டென்று வழி கண்டுபிடித்தார்.

"வேணும்னுதாம்மா எழுதுனேன். இது ஒரு பயிற்சி முறை. உங்க தமிழ் டீச்சரும் வேணும்னுதான் தப்பா எழுதுறாங்க, நீங்க தேடிப் படிக்கணும்னு. என்ன டீச்சர்?"

அருமையான கயிறு. பிடித்தால் என் வகுப்பும் மானமும் கரையேறிவிடும். ஜீப்காரர்கூட "அப்பிடியா சங்கதி" என்று உட்காரப் போனார். நான் வாயைத் திறந்தபோது அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். முகம் சுருங்கிப் போயிருந்தது.

"நெசமாவா டீச்சர்? அப்ப நாங்க ஒண்ணுமே கண்டுபிடிக்கலையா?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

"இல்லடி. சத்தியமா எனக்குத் தெரியாமத்தான் எழுதுனேன். அத்தனையும் நீங்களா கண்டுபிடிச்சதுதான்."

சுருங்கிய முகம் விரிந்தது. அவள் மெதுவாகப் பெரிய டீச்சர் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நீங்க, டீச்சர்?"

பெரிய டீச்சர் என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் தெரியாதுடி" என்றபடி தரையில் உட்கார்ந்தார்.

அவள் நாற்காலியில் ஏறவில்லை. புத்தகத்தோடு அப்பாவிடம் போனாள்.

"அப்பா, டீச்சரப் பத்தி நீ வாட்ஸ்அப்புல போட்டதுல மூணு தப்பு இருக்கு. நீயும் உக்காரு, வாசிக்கிறேன்."