பெரிய டீச்சர் பிடுங்கிக்கொண்ட வேலைகள்

நாலாம் வகுப்பின் முதல் மாதங்கள் எனக்கு மேகத்திலேயே கழிந்தன. தேவாரத்தில் எங்கள் பள்ளிக்கூடத்து மேற்கு ஜன்னலைத் திறந்தால் மலைதான். சாரல் காலத்தில் கேரளத்துப் பக்கமிருந்து மேகம் மெல்ல இறங்கி, தென்னந்தோப்பை மறைத்துக்கொண்டு, வகுப்புக்குள் வரலாமா என்று கேட்பதுபோல் நிற்கும். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஏன் என்று கேட்க ஆளில்லை. எங்கள் டீச்சர் என் சித்திதான். அவள் முக்கால்வாசி நேரம் வகுப்பில் இருக்கமாட்டாள்.

அதில் சித்தியின் தப்பு ஒன்றுமில்லை. ஆசிரியர்களில் சின்னவள், செல்போனில் எல்லாம் பார்க்கத் தெரிந்தவள் என்பதால், பழைய தலைமையாசிரியர் ஆபீஸ் வேலை முழுவதையும் அவள் தலையில் கட்டிவிட்டார். வருகைப் பதிவு, சத்துணவு முட்டைக் கணக்கு, பிள்ளைகளின் செருப்பு அளவு எல்லாம் அவள்தான் செல்போனில் ஏற்றவேண்டும். கூப்பிடும் குரல் கேட்டதும் கரும்பலகையில் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவாள். அது சாயங்காலம்வரை பாதியிலேயே கிடக்கும். எங்களுக்குக் கொண்டாட்டம்.

வீட்டில் அவள் சுரத்தில்லாமல் இருந்தாள். பிள்ளைகளுக்கு வகுத்தல்கூட வரவில்லை, எனக்கும் இந்த வேலைக்கும் ஒட்டாது, விட்டுவிடப் போகிறேன் என்று அம்மாவிடம் அழுதாள். அரைப் பரீட்சை வரைக்கும் பொறுத்துக்கொள்ளச் சொன்னாள் அம்மா. எனக்கு என் கவலை. வேறு டீச்சர் வந்தால் மேகம் பார்க்க விடுவார்களா?

அந்தச் சமயத்தில்தான் கம்பத்திலிருந்து புதிய தலைமையாசிரியை வந்தார். பெரிய டீச்சர் என்போம். லேசில் சிரிக்கமாட்டார். வந்த வேகத்தில் சித்தியின் வேலைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தம் மேசையில் வைத்துக்கொண்டார். அதோடு விட்டாரா? கடைசி பெஞ்சில், என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்து, சித்தி பாடம் நடத்துவதைப் பார்த்தார். சித்தி எழுதிய கணக்கையே இரண்டு தரம் அழித்து எழுதினாள். எனக்கே அழுகை வந்தது. அவளை லாயக்கில்லாதவள் என்று முடிவுகட்டித் துரத்தப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

சாரலடித்த ஒரு காலையில் ஜீப்பில் ஓர் அதிகாரி வந்தார். ஏதோ விவரம் உடனே வேண்டுமாம். நாலாம் வகுப்பு டீச்சரை வரச் சொன்னார். பெரிய டீச்சர் எங்கள் வகுப்பு வாசலில் குறுக்கே நின்றுகொண்டார்.

"டீச்சர் பாடம் நடத்திக்கிட்டு இருக்காக சார். எதுன்னாலும் என்கிட்ட கேளுங்க. அவுகளத்தான் பாக்கணும்னா மணி அடிக்கிற வரைக்கும் அங்கன உக்காருங்க."

அதிகாரி ஈர வராந்தாவில் உட்கார்ந்தார். பெரிய டீச்சர் வாசலைவிட்டு நகரவில்லை. வந்தவருக்கு முகம் காட்டக்கூட என் சித்திக்கு யோக்கியதை இல்லையா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. சித்தி கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்த திராட்சைக் கொத்தை மேசையில் உதிர்த்து, ஆளுக்குச் சமமாகப் பங்கு வைக்கச் சொன்னாள். மிஞ்சியதை என்ன செய்வது என்று ஒரு பையன் கேட்டுக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு தரமும் வேறு விதமாக அவனுக்குச் சொன்னாள். அவள் அப்படி நிதானமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. மேகம் ஜன்னல்வரை வந்து நின்றிருக்கிறது, நான் பார்க்கவில்லை. எனக்கு வகுத்தல் வந்துவிட்டிருந்தது.

சாயங்காலம் கேட்டருகே பெரிய டீச்சர் சித்தியை நிறுத்தினார். இன்னும் எதைப் பிடுங்கப் போகிறாரோ என்று நான் சித்தியின் சேலையைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தப் பயலுக்குக் கடைசியாச் சொன்னீகளே, அது எனக்கே புதுசு டீச்சர். நாளைக்கு என்ன நடத்தப் போறீக?"

சித்தி சொல்ல ஆரம்பித்தாள். குடையை விரிக்க மறந்து, சாரலில் நனைந்தபடி சொல்லிக்கொண்டே இருந்தாள். எங்கள் பஸ் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் நான் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சித்தி இனி அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகவே கூடாது என்றேன். எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டார்கள், பாடம் நடத்துவதைத் தவிர சித்திக்கு அங்கே இப்போது ஒரு வேலையும் இல்லை என்றேன். அம்மாவும் சித்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்டச் சிரித்தார்கள். நான் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.