ஆலாக்கள் இருந்த மணல்திட்டு

கடற்பறவைகளை ஆராய்கிறவள் கடலே இல்லாத மைசூரில் குடியிருக்கிறாளே என்று உறவினர்கள் கேலி செய்வார்கள். கணவருக்கு இங்கேதான் வேலை. ஆலாப் பறவைகள் முட்டையிடும் பருவம் வந்தால் நான் மேற்குக் கரைக்குக் கிளம்பிவிடுவேன். அங்கே முகத்துவாரத்தை ஒட்டிய மணல்திட்டில் வெறும் மணலிலேயே அவை முட்டையிடும்.

அங்கே படகுத்துறை கட்ட வந்த காண்ட்ராக்டரும் மைசூர்த் தமிழர்தான். என் புகாரின் பேரில் அதிகாரிகள் பார்வையிட வருவதற்கு முந்தின நாள் டிராக்டரை விட்டுத் திட்டையே உழுதுவிட்டார்.

"எங்க மேடம், ஒரு முட்டைகூடக் காணோமே?" என்று மறுநாள் எல்லோர் முன்னாலும் சிரித்தார். டயர் தடத்தில் காய்ந்திருந்த மஞ்சள் கருவைக் காட்டினேன். காக்கையின் வேலை என்றார். என்னைத்தான் பொய்க்காரியாகப் பார்த்தார்கள். துறை எழுந்தது. பறவைகள் வடக்கே இன்னொரு திட்டுக்குப் போயின.

பல ஆண்டுகள் கழித்து அந்தத் திட்டின் மேலும் அவர் கண் விழுந்தது, ஒரு ரிசார்ட்டுக்காக. அதற்குள் நான் அனுமதி தரும் நிபுணர் குழுவில் இருந்தேன். மைசூர் அக்ரஹாரத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கே இனிப்புப் பெட்டியோடு வந்தார். என்னை அவருக்கு அடையாளமே தெரியவில்லை. அதுதான் என்னை அதிகம் எரித்தது.

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணுங்க மேடம். நாமெல்லாம் ஒரே ஊரு."

"இடத்தைப் பார்க்கணும். எப்போன்னு நான் சொல்றேன்" என்று காபி கொடுத்து அனுப்பினேன்.

"பிடு மா, விட்டுடு, பழைய கதை. கமிட்டியில இருந்துகிட்டுப் பகை வெச்சுக்கலாமா?" என்றார் கணவர்.

"பகை இருக்கு. ஆனா பொய் சொல்லப் போறதில்ல."

குஞ்சு பொரிக்கும் வாரமாகப் பார்த்துத் தேதி குறித்தேன். டிராக்டர் வராதபடி வனக் காவலர்களை முன்கூட்டியே நிறுத்தச் சொன்னேன். நாங்கள் திட்டின் ஓரத்தை நெருங்கியதுமே ஆலாக்கள் மொத்தமாக எழும்பித் தலைக்கு மேல் பாய்ந்தன. நானும் அதிகாரிகளும் தொப்பி போட்டிருந்தோம். கூட வந்த காண்ட்ராக்டரிடம் மட்டும் தொப்பி போடச் சொல்லவில்லை. வெள்ளைச் சட்டை முழுக்க எச்சம் வழிய, இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு குந்தினார். அதிகாரிகள் முட்டைகளையும் குஞ்சுகளையும் பார்த்தார்கள். அனுமதி மறுக்கப்பட்டது.

ஒரு மதியம் போன் செய்தார். "என்மேல உங்களுக்கு என்ன கோபம் மேடம்?"

டிராக்டரைப் பற்றிச் சொன்னேன்.

"அது ஆகி ரொம்ப வருஷமாச்சே."

"எனக்கு ஆகல" என்று போனை வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். அன்று நன்றாகப் பசித்தது.