மேஸ்திரியின் கட்டம் போட்ட சட்டை

எங்கள் தெருவில் யாராவது வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள் என்றால் ஒரு தடவை என்னை வந்து பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். நான் இன்ஜினியர் இல்லை. ஆஸ்டின் டவுனில் வீட்டோடு மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள். ஆனால் ஒரு மேஸ்திரியை அவன் கட்டியதை அவன் கையாலேயே இடிக்க வைத்தவள் என்று பேர் வாங்கியிருக்கிறேன். அந்தப் பேர் எனக்குப் பிடித்திருக்கிறது. ‘அவன் இவன்’ என்று எழுதாதே என்கிறார் என் வீட்டுக்காரர். நேரில் மரியாதையாகத்தான் பேசினேன். எழுதும்போதும் கொடுக்க வேண்டும் என்றால் என்னால் முடியாது.

வருகிறவர்கள் எந்த சிமெண்ட் நல்லது, கம்பி எவ்வளவு தடிமன் வேண்டும் என்றெல்லாம் கேட்பார்கள். அதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் சொல்வது ஒன்றுதான். பைப்பை மூடுகிற நாளில் அங்கே போய் நில்லுங்கள். வீட்டில் கல்யாணமே என்றாலும் சரி, மூடுகிற வரைக்கும் நின்றுவிட்டுக் கல்யாணத்துக்குப் போங்கள். சுவர் கோணலாக இருந்தால் கண்ணுக்குத் தெரியும். தரைக்கு அடியில் போனது உங்களுக்கு என்றைக்குமே தெரியாது.

நாங்கள் வீட்டை இடித்ததே ஒரு பாத்ரூமுக்காகத்தான். இருபதுக்கு முப்பது மனையில் பழைய ஓட்டு வீடு. கக்கூஸ் பின்பக்கம், சாக்கடை போகிற கன்சர்வன்சி சந்தின் ஓரமாக இருந்தது. இரண்டு படி இறங்கிப் போக வேண்டும். என் வீட்டுக்காரர் பொம்மசந்திராவில் ஒரு பேக்டரியில் வேலை பார்த்தவர். அங்கே ஒரு இரும்புச் சட்டம் சரிந்து இடது கால்மேல் விழுந்தது. உயிர் பிழைத்ததே பெரிது என்றார்கள். அதற்குப் பிறகு அந்தக் கால் ஒரு செருப்பு உயரத்துக்கு மேல் எழும்பாது. கைத்தடியை ஊன்றிச் சமதரையில் நன்றாக நடப்பார். படி வந்தால் என் தோளைப் பிடிக்க வேண்டும். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷன், கக்கூஸ் போவதற்கு என் தோளைப் பிடித்துக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

மேஸ்திரியிடம் நான் முதல் நாளே சொன்னேன். “வீடு எப்படி வேணா கட்டுங்க மேஸ்திரி. பெட்ரூம் பக்கத்துல பாத்ரூம். படியே இருக்கக் கூடாது. அவரு தடியோட நேரா நடந்து உள்ள போவணும்.”

“இது ஒரு மேட்டராக்கா?” என்றான். எப்போதும் காதில் ஒரு சிவப்புப் பென்சில் செருகியிருப்பான். அதை எடுத்துச் சுவரில் ஒரு கோடு போட்டான். “ஹால் லெவலும் பாத்ரூம் லெவலும் ஒண்ணு. பழைய லைன் பின்னாடி சந்துல பள்ளமா இருக்கு. அதுல குடுத்துட்டா வாட்டம் தானா வந்துடும்.” வாட்டம் என்றால் தண்ணீர் ஓடுவதற்கான சரிவு. அன்றைக்கு அவன் தெளிவாகத்தான் பேசினான். அதனால்தான் பின்னால் அவன் தெரியாமல் செய்தான் என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வருகிறது.

வேலை நடந்த மாதங்களில் நாங்கள் ஈஜிபுராவில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான் தினமும் மத்தியானம் ஆட்டோ பிடித்து வந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் போவேன். மேஸ்திரிக்கு அது பிடிக்காது, ஆனால் சிரிப்பான். ஒருநாள் அவனுடைய சட்டைப் பாக்கெட் ஆணியில் மாட்டிக் கிழிந்தது. மெரூனும் மஞ்சளுமாகக் கட்டம் போட்ட சட்டை. வாரத்தில் நாலு நாள் அதைத்தான் போட்டிருப்பான். நான்தான் அங்கேயே உட்கார்ந்து தைத்துக் கொடுத்தேன். “சொந்த அக்கா மாதிரி” என்றான். அந்த வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது.

பிறகு ஒருநாள் போகும்போது சொன்னான். “நாளைக்கு வராதீங்கக்கா. அமாவாசை. ஆளுங்க யாரும் கரணையத் தொட மாட்டாங்க.”

எங்கள் வீட்டில் அமாவாசை நல்ல நாள். எதையும் ஆரம்பிக்கலாம். ஆனால் இந்த ஊரில் கட்டட வேலைக்காரர்கள் அமாவாசையன்று கை வைக்க மாட்டார்கள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நானும் நம்பினேன். அன்றைக்கு வடை சுட்டேன், காக்கைக்குச் சோறு வைத்தேன், மத்தியானம் நிம்மதியாகத் தூங்கவும் செய்தேன். அந்தத் தூக்கத்தை நினைத்தால் இப்போதும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மறுநாள் போனால் பாத்ரூம் தரைக்குக் கான்கிரீட் போட்டு முடிந்திருந்தது. பக்கத்து வீட்டம்மா சுவர் வழியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். “நேத்து மேஸ்திரி எங்கிருந்தோ ரெண்டு ஆளைக் கூட்டினு வந்தாரு. முன்னாடி ரோட்டுப் பக்கம் பைப்பு போட்டு சாயந்திரத்துக்குள்ள மூடிட்டாரு. அமாவாசையாச்சேன்னு கேட்டேன். சிரிச்சிட்டுப் போயிட்டாரு.”

பின்பக்கச் சந்தில் கொடுக்க வேண்டும் என்றால் வீட்டின் நீளத்துக்குத் தோண்ட வேண்டும், நடுவில் ஒரு பெரிய பாறை வேறு இருந்தது. முன்பக்கம் என்றால் நாலடி தூரத்தில் ரோட்டுச் சாக்கடைக் குழி. ஆனால் அந்தக் குழி மேடு. தார் மேல் தார் போட்டு ரோடு ஏறிக்கொண்டே போகிறது, குழியும் கூடவே ஏறிவிட்டது. அந்த மேட்டுக்குத் தண்ணீர் ஓட வேண்டும் என்றால் பாத்ரூம் தரையைத் தூக்கித்தான் ஆக வேண்டும். தூக்கிவிட்டான். டைல்ஸ் ஒட்டிய பிறகு என் தையல் டேப்பை வைத்து அளந்தேன். ஏழு அங்குலம்.

“ஸ்வல்பா அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கக்கா” என்றான். ஸ்வல்பா என்றால் கன்னடத்தில் கொஞ்சம். “படி இருந்தாத்தான் தண்ணி ஹாலுக்கு வராது. உங்க நல்லதுக்குத்தான்.”

சண்டை போட்டேன். இரண்டு நாள் பதில் சொன்னான், மூன்றாம் நாளிலிருந்து போனை எடுக்கவில்லை. ஈஜிபுரா வீட்டு ஓனர் வேறு ஆளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் பால் காய்ச்சிக் குடிவந்தோம். என் வீட்டுக்காரர், “விடும்மா, பேஜார் பண்ணாத. பழகிக்கறேன்” என்றார்.

பழகிக்கொண்டார். எப்படி என்று எனக்குத் தெரிய மூன்று வாரம் ஆனது. தினமும் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வைப்பேன். காலையில் அது அப்படியே இருக்கும். தாகமில்லை என்பார். காபியைப் பாதியில் வைத்துவிடுவார், ரசம் வேண்டாம் என்பார். ஒருநாள் சிறுநீர் போகும்போது எரிச்சல் தாங்காமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்குத்தான் முழங்காலுக்குக் கீழே கன்றிப்போயிருந்த அடியையும் பார்த்தேன். அந்தப் படியில் ஏற்கெனவே இரண்டு தடவை விழுந்திருக்கிறார். ஏறி இறங்குவதைக் குறைப்பதற்காகத் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார்.

நான் அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை அதோடு போயிருக்கும். நேராக ஸ்டோர் ரூமுக்குப் போனேன். கடைசி நாள் வேலையில் அவன் கழற்றி மாட்டிய கட்டம் போட்ட சட்டை கதவுக்குப் பின்னால் ஆணியில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

புது வீட்டுக்குத் திருஷ்டி பொம்மை கட்டுவது இந்த ஊரில் எல்லாரும் செய்வது. பழைய பேண்ட், சட்டைக்குள் வைக்கோலைத் திணித்து, பானைத் தலைக்கு மீசை வரைந்து மேலே தொங்கவிடுவார்கள். குடிவந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். நான் குடிவந்த பிறகு கட்டினேன். வைக்கோல் இல்லை, என்னிடம் மூட்டை மூட்டையாக வெட்டுத்துணி இருந்தது. இருபத்தைந்து வருஷமாக ஆளைப் பார்த்தே அளவு சொல்கிறவள் நான். அவனுடைய தொந்தி எவ்வளவு, தோள் எந்தப் பக்கம் சாயும், கழுத்து எவ்வளவு குட்டை என்று எனக்கு மனப்பாடம். ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து தைத்தேன். அவனுடைய தொங்கு மீசையைக் கறுப்பு நூலில் போட்டேன். காதில் ஒரு சிவப்புப் பென்சில் செருகினேன். மாடி கட்டுவதற்காக மேலே நீட்டி விட்டிருந்த கம்பியில், தெருவைப் பார்த்த மாதிரி கட்டித் தொங்கவிட்டேன். கீழே வந்து நின்று பார்த்தபோது மனசு குளிர்ந்தது, பொய் சொல்லமாட்டேன்.

இரண்டாம் நாளே டீக்கடையில் சிரிக்க ஆரம்பித்தார்கள். யாரோ போட்டோ எடுத்துத் தெரு வாட்ஸப் குரூப்பில் போட்டார்கள். கேட்டவர்களிடம், “உள்ள வந்து பாத்ரூமைப் பாருங்க” என்று மட்டும் சொன்னேன். நிறையப் பேர் வந்து பார்த்தார்கள்.

எதிர்வீட்டுக்காரர் அப்போது அவர் வீட்டை இடிக்க அதே மேஸ்திரியைத்தான் பேசிவைத்திருந்தார். அளவெடுக்க வந்தவன் பைக்கை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான். பார்த்தவன் கையில் டேப்போடு அப்படியே நின்றான். பிறகு என் கேட்டைத் தட்டினான்.

“அக்கா, அது என் சட்டை.”

“ஆமா. பாக்கெட்ல நான் போட்ட தையல் இருக்கு.”

“ஜனங்க சிரிக்கறாங்க. எறக்குங்க.”

“அது திருஷ்டி பொம்மை, மேஸ்திரி. என் வீட்டுக்கு என்னா கண்ணு பட்டுதோ.”

“நான் ஸ்டேஷன்ல சொல்லுவேன்.”

“தாராளமா சொல்லுங்க. சட்டை எந்த வீட்டுல விட்டீங்க, அங்க என்னா வேலை பண்ணீங்கன்னு கேட்டு எழுதுவாங்க.”

அவன் குரல் இறங்கியது. நான் அவனை உள்ளே கூப்பிட்டேன். ஹாலில் என் வீட்டுக்காரர் டிவியைப் பார்த்தபடி இருந்தார், இவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய கைத்தடியை எடுத்து மேஸ்திரியின் கையில் கொடுத்தேன்.

“இடது காலை ஒரு செருப்பு உயரத்துக்கு மேல தூக்காம பாத்ரூமுக்குள்ள போங்க.”

“என்னாக்கா இது.”

“போங்க.”

போனான். படியில் கால் இடித்தது. தடியை மேலே வைத்து எம்பிப் பார்த்தான். நிலைக்கதவைப் பிடித்தான். மறுபடி எம்பினான், சறுக்கினான். வியர்த்துவிட்டது. நான் போதும் என்று சொல்லவில்லை. அவனாகத்தான் நிறுத்தினான்.

“தரையை எறக்கிக் குடுத்துடறேன்” என்றான். “பின்னாடி லைன்ல குடுக்கறேன். நாளை மறுநாள் ஆளுங்கள அனுப்பறேன்.”

“ஆளுங்க வேணாம். நீங்க வாங்க. வெள்ளிக்கிழமை.”

அவன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். “வெள்ளிக்கிழமை அமாவாசைக்கா.”

“தெரியும்.”

வந்தான். அமாவாசை என்பதால் ஒரு சித்தாள்கூட வரவில்லை. தன்னந்தனியாக உளியும் சுத்தியலும் வைத்து அவன் ஒட்டிய டைல்ஸை அவனே உடைத்தான், அவன் போட்ட கான்கிரீட்டை அவனே பெயர்த்தான். நான் பாத்ரூம் வாசலில் ஸ்டூல் போட்டு ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். அவன் தண்ணீர் கேட்டான். சொம்பு நிறையக் கொடுத்தேன். குடித்து முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாளிலிருந்து ஆட்கள் வந்தார்கள், பாறையை உடைத்துச் சந்து வரைக்கும் தோண்டினார்கள். பைப்பை மூடுமுன் நான் குழிக்குள் இறங்கி ரசமட்டம் வைத்து வாட்டம் சரியா என்று பார்த்தேன், போட்டோ எடுத்தேன். நான் சொன்ன பிறகுதான் மண் விழுந்தது.

எதிர்வீட்டுக்காரர் கடைசியில் வேறு மேஸ்திரியை வைத்துக்கொண்டார். நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் விஷயம் தெரிந்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வேலை முடிந்த அன்று சாயந்திரம் என் வீட்டுக்காரர் தடியை ஊன்றி ஹாலிலிருந்து நேராகப் பாத்ரூமுக்குள் நடந்தார். கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்து சாப்பிட உட்கார்ந்தவர், ரசம் கேட்டு வாங்கிக் குடித்தார். அதற்கு மேல் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். நான் மூன்றாவதையும் ஊற்றினேன். அதையும் குடித்தார்.

“பொம்மையை எறக்கிட்டியா?” என்றார்.

“எறக்கிட்டேன்.”

“சட்டையைக் குடுத்துடும்மா. பாவம்.”

துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து வைத்திருக்கிறேன். பீரோவில் என் பட்டுப்புடவைக்கு மேலே இருக்கிறது. அவன் இரண்டு தடவை ஆள் அனுப்பிக் கேட்டான். கொடுக்கவில்லை. மாடி இன்னும் கட்டவில்லை, கம்பி அப்படியே நிற்கிறது.