எந்த ராடு, எந்த கேஸ்?

வெல்டிங் சாமான் கடையில் எதை ஒட்டப்போகிறீர்கள் என்று கேட்காமல் ராடு எடுத்துக் கொடுத்தால், மறுநாள் காலையில் உடைந்த துண்டோடு ஆள் வந்து நிற்பார். திருப்பதியில் பதினோரு வருடமாக இந்தக் கவுன்டரில் நிற்கிறேன். கடையில் நின்று திட்டு வாங்கியவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

கரி பிடித்த பால் கேன்

புத்தலப்பட்டில் பட்டறை வைத்திருக்கும் முனிரத்தினம் ஒரு பால் கேனோடு வந்தார். அலுமினியம். வெல்டிங் கம்பியை அலுமினியத்துக்கு ஏற்றபடி மாற்றியவர், கேஸை மாற்றவில்லை. இரும்புக்கு விடும் சிஓடூவிலேயே, அதாவது கரியமில வாயுவிலேயே, ஒட்டியிருக்கிறார். ஒட்டிய இடமெல்லாம் கரி, பொத்தல். "அலுமினியத்துக்குச் சுத்த ஆர்கான் கேஸ்தாங்க" என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. ஒரே மாட்டை வைத்துப் பிழைக்கும் பக்கத்து வீட்டம்மாவின் கேன் அது. காலையில் பால் ஊற்ற வேண்டுமே என்று தன் வீட்டுக் கேனை அவருக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

ஆர்கான் சிலிண்டர் எடுத்துப்போனார். இரண்டு நாள் கழித்து போன்: "அக்கா, ஒட்டு வெள்ளி மாரி நிக்குது. அந்தம்மாதான் ரெண்டு கேனையும் வெச்சிக்கினு குடுக்க மாட்டேங்குது!"

மூன்று தடவை வெடித்த மோட்டார்

நாராயணவனம் விவசாயி ஒருவரின் தண்ணீர் மோட்டார் கூடு விரிசல் விட்டிருந்தது. வார்ப்பிரும்பு. ஊர் வெல்டர் சாதா ராடில் மூன்று தடவை ஒட்ட, மூன்று தடவையும் ஆறும்போது 'டங்' என்று வெடித்ததாம். வயலில் வேர்க்கடலை தண்ணீர் இல்லாமல் காய்ந்துகொண்டிருந்தது. நிக்கல் ராடு கொடுத்து, எதிர்ப் பட்டறையிலேயே ஒட்டச் சொன்னேன். ஓர் அங்குலம் ஒட்டுவது, ஆறவிடுவது, மறுபடி ஓர் அங்குலம். மதியம் முழுக்கப் போனது. பெரியவர் உட்காருவார், எழுந்து போய்ப் பார்ப்பார், திரும்ப வந்து உட்காருவார். விரிசல் விடவில்லை என்று தெரிந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எம் பொண்ணு பிரசவத்துக்குக்கூட நான் இவ்ளோ நேரம் காத்துக்கினு இருந்ததில்லம்மா."

நமுத்த ராடு

அரக்கோணத்துச் செல்வம், நாற்பது தாண்டியவர். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் கம்பெனி ஒன்றின் வெல்டிங் டெஸ்டுக்காக இங்கே ரூம் எடுத்துப் பழகிக்கொண்டிருந்தார். எப்படி ஒட்டினாலும் உள்ளே ஊசிப் பொத்தல். "இருபது வருஷத் தொழிலு. கை போச்சுக்கா" என்று ஒட்டிப் பார்த்த இரும்புத் துண்டை மேசைமேல் வைத்தார். ராடை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டேன். கட்டிலுக்கு அடியில், மழைத் தண்ணீர் வந்த ரூம். ஈரமே ஒத்துக்கொள்ளாத ராடு அது. விற்கும்போது அதைச் சொல்லாதது என் தப்பு.

கடையில் ராடு காயவைக்கும் அடுப்பிலிருந்து நாலு ராடு எடுத்துக் கொடுத்தேன். சூடு ஆறுவதற்குள் எதிர்ப் பட்டறையில் ஒட்டி, கசடைத் தட்டி, அறுத்தே பார்த்தார். பொத்தல் இல்லை. இப்போது அந்தக் கம்பெனியில்தான் வேலை. அன்று அந்தப் பட்டறையிலேயே நின்று மனைவிக்கு போன் போட்டார்: "அழுவாத. எனக்கு ஒண்ணும் ஆவல, ராடுக்குத்தான் ஜலதோஷம்!"

இத்தனை பேருக்கு வழி சொன்ன என் வீட்டு கேட் மட்டும் கீல் உடைந்து, ஒட்ட நேரமில்லாமல், மூன்று வருடமாகக் கயிற்றால் கட்டித்தான் நிற்கிறது.