சிலுவைத் தாலி

கூடங்குளம் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கும் தெரசாவுக்கு ருஷ்ய மொழியில் பத்து வரை எண்ணத் தெரியும். அணுமின் நிலையக் குடியிருப்பிலிருந்து வரும் வெள்ளைக்காரப் பெண்களுக்கு அளவெடுக்க அது போதும். மத்தியானம் கடற்காற்று உள்ளே வந்துவிட்டால், மிஷினை மிதித்துக்கொண்டே பாதித் தூக்கத்தில் மிதப்பாள். மிஷின் சத்தம் வள்ளத்தின் இன்ஜின் சத்தமாகும். புருஷன் ஜோன்ஸ் நனைந்த சட்டையோடு கரையேறி வருவான். கண் விழித்தால் நூல் அறுந்திருக்கும்.

ஜோன்ஸ் கடலுக்குப் போய் நாலு வருஷம். உடல் கிடைக்கவில்லை. நாற்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு, சிலுவை பதித்த தாலியை மாமியார் அவள் கழுத்திலிருந்து கழற்றிவிட்டாள். வழக்கம் அப்படி. "அவரு செத்தத நீங்க பாத்தியளா?" என்று அன்றைக்கு தெரசா கேட்டதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தாலி இப்போது பீரோவில், அவன் சட்டைகளுக்கு அடியில் கிடக்கிறது.

போன வாரம் லுத்மிலா என்ற ருஷ்யப் பெண் ரவிக்கை தைக்க வந்தாள். அவள் கழுத்தில் அதே போல ஒரு சிலுவைத் தாலி. தெரசாவுக்கு, தான் இன்னும் கனவில்தான் இருக்கிறோமோ என்றிருந்தது.

"ஒம் மாப்பிள்ள யாரு?"

"மாப்பிள்ளை இல்லை. நாகர்கோவில் கடை. அழகு!" என்று தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லில் சிரித்தாள் லுத்மிலா.

தைத்த துணியை வாங்க வந்திருந்த நாத்தனார் பெனிஷாவுக்கு வாயெல்லாம் பல். "பாருங்க மைனி, வெள்ளத் தோலுக்குத் தாலி எப்படி எடுப்பா இருக்குன்னு!"

நம் ஊரில் தோல் வெளுத்திருந்தால் வழக்கமெல்லாம் வாயைப் பொத்திக்கொள்ளும். கறுத்த கழுத்துக்குத்தான் அத்தனை கேள்வியும். போன கிறிஸ்துமஸுக்கு தெரசா ஒரு முழம் பூ வைத்ததற்கு இதே பெனிஷா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தெரசாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அளவு நாடாவை லுத்மிலாவின் கழுத்தைச் சுற்றிப் போட்டாள். விரலில் தாலி பட்டது.

"இத எங்கழுத்துலேருந்து எடுத்துட்டாவ. அவரு கடல்ல போயிட்டாருன்னு எடுத்துட்டாவ. நீ அழகுக்குப் போட்டுருக்க."

எவ்வளவு புரிந்ததோ, லுத்மிலாவின் முகம் சிவந்துவிட்டது. கொக்கியைத் தடவித் தாலியைக் கழற்றி நீட்டினாள்.

"ஒன்னுது எனக்கு எதுக்கு? எங்கிட்ட இருக்கு" என்றாள் தெரசா. சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவள் தண்ணீருக்குள் நடப்பது போல நடந்து போனாள். தெருச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. பீரோவிலிருந்து எடுத்துக் கட்டிய தாலி வெயிலில் சூடேறி நெஞ்சில் உறுத்தியது; அந்த உறுத்தல் அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. கோயில் வாசலில் மாமியார் மறித்தாள்.

"ஏளா, யாருக்காவ இதக் கெட்டிக்கிட்டு வந்திருக்க?"

தெரசா முக்காட்டைப் பைய இழுத்துவிட்டாள்.

"வெள்ளக்காரிட்ட ஒங்க மவ கேக்கலியே, மாமி. என்ட்ட மட்டும் எதுக்குக் கேக்கிய?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.