டயலில் கண்ட பிழை

அச்சகத்தில் இருபது வருஷம் பிழை திருத்தியவள் அவள். ஒருநாள் அவளுடைய கணவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து கையை நீட்டினார். பழைய கைக்கடிகாரம் ஒன்றை வாங்கிக் கட்டியிருந்தார்.

"எப்படி இருக்கு, பாரேன்!"

அவள் லென்ஸை வைத்துப் பார்த்தாள். "ஏங்க, நல்லா ஏமாத்திட்டாங்க. எழுத்தெல்லாம் தடிச்சிருக்கு. நிமிஷக் கோடு எண்ணுக்கு நேரா நிக்கல. டயலுக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சு எழுதியிருக்காங்க."

"அப்படியா?" என்றவரின் முகம் தொங்கிப்போனது. கழற்றி அலமாரியில் வைத்ததை அப்புறம் அவர் தொடவேயில்லை.

அவள் சொன்னது அத்தனையும் சரிதான். ஆனால் அதற்குப் பிறகு எதை வாங்கினாலும் அவர் அவளிடம் காட்டுவதில்லை. போன வாரம் புதுச் சட்டை போட்டிருந்தார்.

"எப்ப வாங்கினீங்க?"

"பழசுதான்" என்றார்.

கடிகாரத்தைக் காட்டிய அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது.